அவள் பிச்சைக்காரி இல்லை: அருங்காட்சியக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

ஆப்பிரிக்கச் சேகரிப்பிலிருந்து 11 பொருள்களை ஏலத்துக்கு அனுப்புவது என்று சென்ற மாதம் முடிவெடுத்தீர்கள். கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும் என்பது காரணம். அந்தப் பட்டியலில் ஏழாவதாக இருக்கும் மரப் பாத்திரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

வாரத்தில் இரண்டு நாள் உங்கள் கிடங்கில் தூசி தட்டி, எண் கட்டி, பெட்டியில் அடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாத்திரத்தை இந்த இரண்டு கைகளில் ஏந்தியிருக்கிறேன். அது பிறந்த மண்ணான கொங்கோவில் மூன்று வருடம் செவிலியாக வேலையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மொழியில் ஒரு மடல் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை. ஆகவே இப்போது எல்லோரும் பார்க்க, என் மொழியில் எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கைதூக்கி வாக்களித்தவர்களில் பலர் அதை நேரில் பார்த்ததில்லை என்று கூட்டக் குறிப்பைப் படித்தாலே தெரிகிறது.

ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஒரே மரக்கட்டையில் செதுக்கியது. ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு கிண்ணம். அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்கிறாள். கண் பாதி மூடியிருக்கிறது. வயிற்றிலும் இடுப்பிலும் தழும்புக் கோலங்கள், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகக் கை விரலில் தட்டுப்படும். பின்தலையில் முடியை நான்காகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக மடித்துக் கட்டிய கொண்டை. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துக் கறுத்த மரம். மூடிய பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் லேசாக எண்ணெய் வாசம் வருகிறது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு விரிசல். அதை இரண்டு செம்புக் கம்பித் தையல் போட்டு யாரோ இறுக்கியிருக்கிறார்கள். அது இங்கே நடந்த பழுதுபார்ப்பு கிடையாது. அங்கேயே, அதைப் பயன்படுத்திய ஆள், தூக்கி எறிய மனம் வராமல் தைத்தது. விளிம்பின் வலது பக்கம் மட்டும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. உள்ளே, கிண்ணத்தின் அடியிலும் மர ரேகைகளிலும், நாமக்கட்டியைக் குழைத்துப் பூசிக் காய்ந்த மாதிரி வெள்ளை.

இதோடு கட்டியிருக்கும் பழைய அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: ‘பிச்சைக்காரி. சூனியக்காரனின் கோப்பை. கொங்கோ. 1911, நன்கொடை.’ ஏலப் பட்டியலுக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பிலும் அதே ‘பிச்சைக்காரி’ இருக்கிறது.

அவள் பிச்சைக்காரி இல்லை. கொங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில், லுவாலாபா ஆற்றையும் உபெம்பா ஏரிகளையும் ஒட்டி வாழும் லூபா மக்களின் குறிசொல்லும் வைத்தியருக்குக் கிலும்பு என்று பெயர். பலரைச் சேர்த்துச் சொன்னால் பிலும்பு. அவர் பயன்படுத்தும் புனிதப் பாத்திரம் ம்போக்கோ. சாதாரணமாக அது சுரைக்குடுக்கை. பெரிய வைத்தியர்களிடமும் அரசர்களிடமும் இப்படிப் பெண் உருவம் ஏந்திய மரப் பாத்திரமாகவும் இருந்தது. கிண்ணத்தில் இருக்கும் வெள்ளை, ஆற்றுப்படுகையிலிருந்து எடுக்கும் களிமண். பெம்பா என்பார்கள். தூய்மை, நிலவொளி, முன்னோரின் ஆவிகள் எல்லாம் அந்த வெள்ளையில் அடக்கம். அரசனைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் இருக்கும் கிண்ணத்திலிருந்து இந்த மண்ணை எடுத்து மார்பிலும் கையிலும் பூசிக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

லூபா அரசு பிறந்த கதையிலேயே ஒரு குறிசொல்லி இருக்கிறார். கொடுங்கோலன் ன்கோங்கோலோவிடமிருந்து கலலா இலுங்கா உயிர் தப்பி அரசனாவது மிஜிபு வ கலெங்கா என்ற முதல் குறிசொல்லியின் துணையால்தான். கிண்ணம் ஏந்திய இந்தப் பெண், குறிசொல்லியின் மேல் இறங்கும் ஆவியின் மனைவி என்று லூபா மரபில் சொல்கிறார்கள். கிலும்புவுக்கு அருள் இறங்க வேண்டுமென்றால் மனைவி பாட வேண்டும். அவர் பாடாமல் குறி கிடையாது. வல்லமையுள்ள ஆவியைத் தாங்கப் பெண்ணின் உடலுக்குத்தான் பலம் உண்டு என்பது அவர்கள் எண்ணம். அப்படிப்பட்டவளுக்குப் பழைய ஐரோப்பிய எழுத்தாளர்கள் வைத்த பெயர் பிச்சைக்காரி. கையில் கிண்ணத்தோடு ஒரு கறுப்புப் பெண் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அறியாமல் வைத்த பெயர் என்று அன்றைக்குச் சொல்லலாம். இன்றைக்கும் அதையே அச்சடிக்க உங்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை.

கமினா என்ற ரயில்வே ஊரிலிருந்து செம்மண் பாதையில் மூன்று மணி நேரம் போனால் வரும் ஒரு சுகாதார நிலையத்தில் இருந்தேன். ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். நான்காவது கர்ப்பம். முதல் மூன்றும் வயிற்றிலேயே இறந்து பிறந்தவை. இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். எதைக் கேட்டாலும் தரையைப் பார்க்கிறாள். அப்புறம் மாமியார் வந்து, கிலும்புவிடம் போகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், எங்கள் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வைத்தியர் வயதானவர். முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். அவர் மனைவி ஓரமாக உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். அது இரட்டைக் குழந்தைகளுக்கான பாட்டு என்று உதவியாளர் காதோடு சொன்னார். வைத்தியர் தன் கண்ணைச் சுற்றி வெள்ளை மண்ணைப் பூசிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் குரலே மாறிவிட்டது. ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துக் குலுக்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். விரல் அளவு மரப் பொம்மைகள், விதைகள், பாசிமணிகள், சோழி, ஏதோ விலங்கின் நகம், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். எது எதன் மேல் விழுந்திருக்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். மருந்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. உன் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை? செத்த பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தீர்களா? எங்கே புதைத்தீர்கள்? மறுபடி குலுக்குவார், மறுபடி கேட்பார். ஒரு கட்டத்தில் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். எங்கள் நிலையத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். அவர் விரலால் மண்ணைத் தொட்டு அவளுடைய இரண்டு முன்னங்கைகளிலும் பூசினார். கணவன் வீட்டாரோடு இருந்த சண்டையை முடிக்கச் சொன்னார். முடித்த பிறகு அந்த வெளிநாட்டுக்காரியிடம் போ என்று என்னைக் கைகாட்டினார்.

மூன்றாம் நாள் வந்தாள். கையை நீட்டினாள். பரிசோதனையில் சிபிலிஸ். கர்ப்பத்தில் அந்த நோய் இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்து போவது அடிக்கடி நடப்பது. பென்சிலின் ஊசி போட்டால் தடுக்கலாம். அவளுக்கும் கணவனுக்கும் போட்டோம். ஐந்து மாதம் கழித்து ஒரு பெண் குழந்தை, உயிரோடு.

காப்பாற்றியது ஊசிதான். செவிலியாக அதை நான் எங்கேயும் சொல்வேன். வைத்தியரிடம் போய் நாளைக் கடத்திவிட்டு, எங்களிடம் வரும்போது கண் சொருகியிருந்த மலேரியாக் குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய முகம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை ஊசிவரைக்கும் நடத்திக் கொண்டுவந்தது எது என்று கேட்டால், ஒரு பாத்திரமும் அதில் இருந்த வெள்ளை மண்ணும் அவளைப் பேச வைத்த ஒரு கிழவரும்தான். என் கையில் இருந்த படிவங்களால் அது முடியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தன் தாத்தாவிடம் மரத்தில் செய்த ம்போக்கோ இருந்தது, அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், வெள்ளைக்காரர்கள் வந்தபோது அது போய்விட்டது என்றார். விற்றார்களா, பிடுங்கினார்களா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் பிறப்பதற்கு முந்தைய கதை. மூன்று வருடத்தில் அந்தப் பகுதியில் நான் போன எந்த ஊரிலும் செதுக்கிய ம்போக்கோவை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. முதன்முதலாகப் பார்த்தது உங்கள் கிடங்கில், மூன்றாம் வரிசை அலமாரியில், பழைய நாளிதழில் சுற்றி.

இது அந்தத் தாத்தாவுடையதுதான் என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய தாத்தாவுடையது.

சரி, இப்போது உங்கள் தரப்பு. கூட்டக் குறிப்பில் மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது, முறையான நன்கொடை, அட்டையே சாட்சி என்கிறீர்கள். இங்கே கொடுத்தவர் முறையாகத்தான் கொடுத்தார். ஆனால் அவர் கைக்கு எப்படி வந்தது? உங்கள் பதிவேட்டின்படி கொடுத்தது கொங்கோவில் பணியாற்றிய ஒரு படை அதிகாரியின் குடும்பம். 1885 முதல் 1908 வரை அந்த நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. ரப்பர் கொண்டுவராத கிராமங்களுக்கு என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அந்தக் காலத்தில் துப்பாக்கியோடு வந்து நிற்கும் ஆளிடம் ஒரு வைத்தியர் தன் பாத்திரத்தை மனமுவந்து கொடுத்தார் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. பறித்ததற்கு எழுத்துச் சான்றே உள்ள பொருள்களும் இருக்கின்றன. 1878-இல் கொங்கோவின் போமா பகுதிக் கிராமங்களைத் தாக்கியபோது அலெக்சாந்தர் தெல்கொம்யூன் என்ற பெல்ஜிய வணிகர், நெ குக்கோ என்ற தலைவருடைய மந்திரச் சிலையை எடுத்துக்கொண்டார். திருப்பிக் கொடு என்று தலைவர் கேட்டும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அது பெல்ஜியத்தில் தெர்வூரன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உங்கள் அட்டையில் இதைப் போன்ற கதை எதுவும் எழுதியில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடாது. தேடிப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி. பதிவேட்டைப் புரட்டி அந்த அதிகாரி எந்த முகாமில் இருந்தார் என்று பார்க்க ஒரு நாள் போதும். யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, அங்கே அனுப்பினால் பாதுகாக்க மாட்டார்கள், காணாமல் போய்விடும் என்று ஒரு உறுப்பினர் பேசியிருக்கிறார். அவர் எதை மனதில் வைத்துப் பேசினார் என்று எனக்குப் புரிகிறது. 1976 முதல் 1982 வரை அதே தெர்வூரன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலிருந்து 114 பொருள்களைக் கொங்கோவின் தலைநகர் கின்ஷாசாவுக்குக் கொடுத்தது. 1990-களில் சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சி சரிந்த குழப்பத்தில் கின்ஷாசாவின் சேகரிப்பு கொள்ளை போனது. உண்மைதான். ஆனால் கொள்ளை போனவை எங்கே போய்ச் சேர்ந்தன? வாங்குகிறவர் இருந்த இடத்துக்கு, கலைப்பொருள் சந்தைக்கு. நீங்கள் இந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தப் போவதும் அதே சந்தையில். அதோடு, நிலைமையும் முன்போல் இல்லை. கின்ஷாசாவில் தென் கொரியாவின் உதவியோடு கட்டிய புதிய தேசிய அருங்காட்சியகம் 2019-இல் திறந்தது. 2022 பிப்ரவரியில் பெல்ஜியப் பிரதமர் ஏறத்தாழ 84,000 பொருள்களின் பட்டியலைக் கொங்கோ பிரதமரிடம் கொடுத்தார். அதே ஆண்டு ஜூனில் பெல்ஜியத்தின் பிலிப் மன்னர், கொங்கோவின் சுகு மக்களின் ககூங்கு என்ற பெரிய முகமூடியைத் தானே கொண்டுபோய் அந்த அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். கால வரம்பில்லாத இரவல் என்ற பெயரில்தான் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. இருந்தாலும் முகமூடி ஊர் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் காலனிக் காலப் பொருள்களைத் திருப்பித் தர வழிசெய்யும் சட்டத்தையும் பெல்ஜியம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நம் நகர அருங்காட்சியகத்தைக் கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார். கட்டுப்படுத்தாது என்பதால் செய்யக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை நாளில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. பணம் திரட்ட வீடு வீடாகப் போக வேண்டுமென்றால் நானும் வருகிறேன். இன்னொருவர் வீட்டு வைத்தியப் பாத்திரத்தை விற்றுக் கூரை போட வேண்டாம்.

மூன்றாவது விஷயத்தால்தான் நான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன். கிண்ணத்தைச் சுத்தம் செய்து, மெருகேற்றிக் கொடுத்தால் விலை கூடும் என்று ஏலத்தார் ஆலோசனை சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சிலைகளுக்கு ஐரோப்பாவில் நூறு வருடமாக இதுதான் நடக்கிறது. துணியை அவிழ்ப்பார்கள், மணியை அறுப்பார்கள், மருந்துப் பொதியைச் சுரண்டி எடுப்பார்கள், மெழுகு போட்டுப் பளபளவென்று தேய்ப்பார்கள். மிச்சம் நிற்பது அழகான மரம். அது எதற்காக இருந்தது என்று சொல்லும் எல்லாமே குப்பைக்குப் போயிருக்கும்.

சென்ற வியாழக்கிழமை நான் கிடங்குக்கு வந்தபோது வேலை தொடங்கியிருந்தது. மேசையில் விளக்குக்குக் கீழே அவள் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் தட்டு, அதில் பஞ்சு சுற்றிய குச்சிகள், ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றின் நுனியும் பால் வெள்ளை. கிண்ணத்தின் இடது பக்க உட்புறம் வெறும் மரமாக, ஈரமாக இருந்தது. அவளுடைய இடது கை விரல்களுக்கு இடையில் நான் முன்பு பார்த்த வெள்ளைக் கோடுகளும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்த பயிற்சி மாணவிமேல் எனக்கு வருத்தம் கிடையாது. அழுக்கு என்று சொன்னார்கள், துடைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மேற்கொண்டு துடைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை வேறொருவர் வந்து முடிப்பார் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அது அழுக்கு இல்லை. யாரோ ஒருவர் ஆற்றுக்குப் போய் அள்ளி வந்து, காயவைத்து, பொடித்து நிரப்பிய மண். விளிம்பில் தேய்ந்திருக்கும் அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, அதை எடுத்து எத்தனை பேர் நெற்றியிலும் கையிலும் பூசினார்களோ. அந்த மண் எந்த ஆற்றங்கரையுடையது என்று ஆய்வு செய்தால், பாத்திரம் எந்த ஊருடையது என்று கண்டுபிடிக்கக்கூட வழி கிடைக்கலாம். ஊர், பெயர், ஆள் எதுவும் எழுதாத உங்கள் அட்டையோடு ஒப்பிட்டால், அந்தப் பொருளுக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே முகவரி அந்த வெள்ளைதான்.

எனவே உங்களிடம் கேட்பது இவை. ஏழாம் பொருளை ஏலப் பட்டியலிலிருந்து உடனே எடுங்கள். மற்றப் பத்துப் பொருள்களும் எப்படி வந்தன என்று தேடிப் பார்க்காமல் அவற்றையும் அனுப்பாதீர்கள். ‘பிச்சைக்காரி’, ‘சூனியக்காரன்’ என்ற சொற்களைப் பதிவேட்டிலிருந்து அழிக்க வேண்டாம், பழைய தவறு பழைய தவறாகவே அங்கே இருக்கட்டும். ஆனால் இனி நீங்கள் அச்சிடும் எதிலும் அவை வரக் கூடாது. ம்போக்கோ, லூபா மக்களுடைய குறிசொல்லும் வைத்தியரின் பாத்திரம் என்று எழுதுங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும், பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும், பாத்திரத்தின் படங்களையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கொங்கோவின் தேசிய அருங்காட்சியகங்களைக் கவனிக்கும் நிறுவனம் கின்ஷாசாவில் 1970 முதல் இருக்கிறது. அவர்களுக்கு எழுதி, இப்படி ஒன்று எங்களிடம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். திருப்பித் தரத் தயார் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். அதற்கு முன் லூபா மொழி பேசுகிறவர்கள் இரண்டு பேரையாவது கிடங்குக்கு அழைத்து வந்து அவளைக் காட்டுங்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கே, ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தட்டில் இருக்கும் பஞ்சுக் குச்சிகளை யாரும் எறிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி, கூப்பிட்டால் வருகிறேன். ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, பாத்திரத்தின் எண்ணையே அதன் மேலும் எழுதி, அவள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிடங்கின் தன்னார்வலர் ஒருத்தி